பிந்தி வந்த இசை: மகாலட்சுமி மைதானத்து இரவு எழுப்பும் சில கேள்விகள்

2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் ‘கன்ஸ் என் ரோசஸ்’ என்னும் அமெரிக்க ஹார்ட் ராக் இசைக்குழு பாடியது. 1985இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய குழு அது. மும்பை மேடையேறிய அன்று பாடகர் ஆக்சல் ரோசுக்கு வயது 63. கிதார் கலைஞர் ஸ்லாஷுக்கு 59. பேஸ் கிதார் வாசிக்கும் டஃப் மெக்கேகனுக்கு 61. இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோரின் கை தானாகவே ‘ஏக்கம்’ என்ற சொல்லைத் தேடிச் செல்லும். பழைய நாள்களுக்கான ஏக்கம், கடந்துபோன இளமைக்கான ஏக்கம் என்று வாக்கியம் முடியும். லாஸ் ஏஞ்சலிசிலும் லண்டனிலும் இச்சொல் பொருந்தக்கூடியதே. அங்கே 1988இல் இக்குழுவை நேரில் கேட்டவர், நாற்பது ஆண்டு முதிர்ந்த அதே குழுவை மீண்டும் கேட்கப் போகிறார். மும்பையில் நிலைமை வேறு. அங்கே திரண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இக்குழுவை அதன் இளமையில் ஒருநாளும் கண்டவர்கள் அல்லர். நிகழாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வாறு ஏங்க முடியும்?

ஆங்கிலத்தில் ‘நாஸ்டால்ஜியா’ என வழங்கும் சொல், 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்னும் சுவிஸ் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. இல்லம் திரும்புதல், வலி என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, ஊரைப் பிரிந்து வாழ்ந்த சுவிஸ் மக்களைப் பீடித்த ஒரு நோய்க்கு அவர் அப்பெயரைச் சூட்டினார். ஆக, அச்சொல்லுக்குள் ஒரு வீடு முன்னரே இருக்கிறது. ஈழத்துத் தமிழ் எழுத்தில் ‘நனவிடை தோய்தல்’ என்ற அழகிய தொடர் வழங்குகிறது. அதற்குள்ளும் ஒருவர் வாழ்ந்து கடந்த ஊரும் தெருவும் உண்டு. திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்தால்தான் திரும்ப முடியாமையின் வலியும் இருக்கும். இந்திய ராக் ரசிகருக்கு அந்த இடம் எது?

மும்பையில் பிறந்த மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1996இல் வெளிவந்த ‘மாடர்னிட்டி அட் லார்ஜ்’ நூலில் இக்கேள்வியை ஒட்டிய ஒன்றை எடுத்துக்கொள்கிறார். பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கப் பழைய பாடல்களின்மீது கொண்டிருக்கும் ஆழ்ந்த பற்றை முன்வைத்து, நினைவின் அடித்தளம் இல்லாத ஏக்கம் என்ற கருத்தை அவர் வகுக்கிறார். பிறருடைய கடந்தகாலத்துக்கு ஏங்குதல் என்று அதை விரித்துக் கூறலாம். பண்பாட்டு ஆய்வு வகுப்பறைகளில் இக்கருத்து பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. அதன் நுட்பத்தை மறந்து, ஆங்கில இசை கேட்கும் இந்தியரை இரவல் உணர்ச்சிக்காரர் என்று ஒதுக்கும் கோலாகவும் அது சிலவேளை பயன்படுகிறது. மகாலட்சுமி மைதானத்து இரவுக்கு அக்கருத்தை அப்படியே பொருத்த முடியாது. அங்கே கூடியவர்களிடம் நினைவு இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. இல்லாதது நிகழ்வு. பாடலைக் கேட்ட நினைவு உண்டு. பாடியவரைக் கண்ட நினைவு இல்லை. நிகழ்வில்லாத நினைவு என்றே அதைச் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல் விளையாட்டன்று. இந்தியாவில் அந்த இசையை உயிரோடு வைத்திருந்தவர் யார் என்ற வரலாற்றுக் கேள்வி இவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த வரலாற்றின் காலக்கணக்கு வியப்பூட்டுவது. இக்குழுவின் முதல் தொகுப்பான ‘அபெடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்’ 1987 ஜூலையில் வெளிவந்தது. ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ என்ற இரட்டைத் தொகுப்பு 1991 செப்டம்பரில் வந்தது. அதே 1991 ஜூலையில்தான் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே செப்டம்பரில்தான் ஸ்டார் தொலைக்காட்சி வழியாக எம்டிவி ஆசிய வீடுகளுக்குள் நுழைந்தது. கேபிள் கம்பி எட்டிய நகர வீடுகளில் ‘நவம்பர் ரெயின்’ பாடலின் காட்சி ஓடத் தொடங்கியபோது, உலகத்தோடு ஒரே நாளில் ஒரே பாடலைக் கேட்கிறோம் என்ற உணர்வு ஒரு தலைமுறைக்கு முதன்முதலாகக் கிடைத்தது. அவ்வுணர்வு நீடிக்கவில்லை. 1996இல் ஸ்லாஷ் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு டஃப் மெக்கேகனும் விலகினார். இந்திய ரசிகர்கள் முழுமையாக வந்து சேர்வதற்குள் குழு சிதறிவிட்டது.

பின்னர் அக்குழு இந்தியாவுக்குத் துண்டுதுண்டாகவே வந்தது. 2012 டிசம்பரில் பெங்களூரு, மும்பை, குர்கான் ஆகிய மூன்று இடங்களில் அது பாடியது. ஆக்சல் ரோஸ் இருந்தார், ஸ்லாஷும் மெக்கேகனும் இல்லை. 2015இல் ஸ்லாஷ் தம் தனிக்குழுவோடு வந்தார், ஆக்சல் இல்லை. 2016இல் மூவரும் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தனர். அந்தச் சேர்க்கை மும்பையை எட்ட மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. பழைய தொகுப்புகளின் உறையில் கண்ட அம்மூவரையும் இந்திய ரசிகர் ஒருசேரக் கண்டது 2025இல்தான். ஆகவே அன்று நடந்தது மீள்சந்திப்பு அன்று. மிகவும் பிந்திய முதல் சந்திப்பு.

இது ஒரு குழுவின் தனிக்கதையும் அன்று. 1968இல் தொடங்கிய டீப் பர்ப்பிள் இந்தியாவுக்கு வந்தது 1995இல், 27 ஆண்டுகளுக்குப் பின். 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரிலும் மும்பையிலும் பாடியது 2003இல், 41 ஆண்டுகளுக்குப் பின். 1975இல் தொடங்கிய அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடியது 2007 மார்ச்சில், 32 ஆண்டுகளுக்குப் பின். 1965இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தொடங்கிய ஸ்கார்பியன்ஸ் ஷில்லாங் நகருக்கு வந்தது அதே 2007இல், 42 ஆண்டுகளுக்குப் பின். 1980இல் தம் எழுச்சிக் காலத்திலேயே மும்பை ரங் பவனில் பாடிய ‘தி போலீஸ்’ போன்ற குழுக்கள் விதிவிலக்குகள். பொதுவாக, ஹார்ட் ராக் இசைக்குழு இந்தியாவுக்கு வரும்போது அதற்கு வயதாகியிருக்கும். மேலைநாட்டுச் சந்தையில் முதல் சுற்று முடிந்த பின்னரே இந்தியா பயணப் பட்டியலில் இடம்பெறும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, கருவிகளைக் கொண்டுவருவதில் இருந்த இடர், நுழைவுச்சீட்டு வாங்கும் கூட்டத்தின் சிறுமை எனக் காரணங்கள் பல. விளைவு ஒன்றே: இந்திய ரசிகருக்கு ராக் இசை இளமையில் ஒலியாக வந்தது, நடுவயதில் உடலாக வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இசையைச் சுமந்தவை கேசட்டுகள். உரிமம் பெற்று இந்தியாவில் அச்சான கேசட்டுகள் சில. வெற்றுக் கேசட்டில் பாடல் பதிந்து தரும் கடைகளில் உருவானவை பல. வெளிநாட்டில் இருந்த உறவினர் கொண்டுவந்த ஒரு பிரதி, விடுதியின் ஒவ்வோர் அறையாகச் சென்று, பிரதியின் பிரதியாகித் தேய்ந்து, இரைச்சல் கூடி, அப்படியும் கேட்கப்பட்டது. பாடல் வரிகளைக் காதால் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதியவர்கள் இருந்தார்கள்; எழுதியதில் பாதி பிழை. கிதாரின் விரலமைப்பை நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக் கற்றவர்கள் இருந்தார்கள். 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ என்ற இதழைத் தொடங்கினார். ராக் இசைக்கான இந்திய இதழ் மும்பையிலோ தில்லியிலோ பிறக்காமல் கங்கை, யமுனைக் கரையின் பல்கலைக்கழக நகரில் பிறந்தது என்பது, இந்த ரசனை எங்கெல்லாம் வேரோடியிருந்தது என்பதற்குச் சான்று. அந்நாளில் கேட்டல் உழைப்பாக இருந்தது. இன்று தொலைபேசித் திரையில் ஒரு விரல் தொடுதலில் கிடைக்கும் பாடலுக்கும், இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த பாடலுக்கும் இசை ஒன்றே. அவை நினைவில் பிடிக்கும் இடம் ஒன்றன்று.

கேசட்டுக்கு அப்பால் மேடைகளும் இருந்தன. 1986இல் மும்பை ரங் பவன் திறந்தவெளி அரங்கில் ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா தொடங்கியது. ‘ராக் மெஷின்’ என்ற மும்பைக் குழு பிறர் பாடல்களில் தொடங்கி, 1988இல் சொந்தப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டது. பின்னர் ‘இண்டஸ் கிரீட்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஷில்லாங்கில் லூ மஜாவ் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடிவருகிறார். டிலன் ஷில்லாங்கில் ஒருபோதும் பாடியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, வராத ஒருவருக்கு ஒரு நகரம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. இதை இரவல் ஏக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், ஷில்லாங் அந்தப் பாடல்களைத் தன் மேடையில், தன் குரலில், தன் மக்களுக்காகப் பாடிப்பாடித் தனதாக்கிக்கொண்ட நெடிய செயல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கொச்சி, பெங்களூரு, கொல்கத்தா, திமாப்பூர், ஐஸ்வால் என எத்தனையோ நகரங்களில் பெயர் பதிவாகாத குழுக்கள் இதையே செய்தன. மும்பை மேடையில் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாடலின் முதல் கிதார் ஒலி எழுந்தபோது கூட்டத்தில் பலருக்கு நினைவில் வந்திருக்கக்கூடியது லாஸ் ஏஞ்சலிஸ் அன்று. கல்லூரி விழா ஒன்றில் அதே பகுதியை வாசிக்க முயன்று ஒரு சுரம் தவறவிட்ட சக மாணவரின் முகமே வந்திருக்கும். அந்த ஏக்கத்தின் வீடு இங்கேதான் இருக்கிறது.

இங்கே மூப்பு பற்றிய கேள்வியும் எழுகிறது. ஹார்ட் ராக் உடல் வலுவைக் கோரும் வடிவம். உச்சக் குரலும் ஓட்டமும் அதன் இலக்கணத்தின் பகுதிகள். எனவே மேலைநாட்டு விமர்சனம் முதிர்ந்த ராக் பாடகரைப் பெரும்பாலும் இரக்கத்தோடோ ஏளனத்தோடோதான் அணுகுகிறது. குரல் எட்டாத உச்சங்களைக் கணக்கெடுக்கிறது. இந்தியக் கச்சேரி மரபில் மூப்புக்கு வேறோர் இடம் உண்டு. 2007இல் பீம்சேன் ஜோஷி தம் 85ஆம் வயதில், தாமே தொடங்கிய புணே சவாய் கந்தர்வ விழாவில் பாடியபோது, அங்கிருந்தோர் இளம்வயது பீம்சேனின் மூச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லர். முதிய வித்வானைக் கேட்பவர், குரல் நிற்கும் இடத்தில் தம் நினைவால் சுரத்தை நிரப்பிக்கொள்கிறார். ராக் நிகழ்ச்சியிலும் அதுவே நடக்கிறது. வேறுபாடு, இங்கே நிரப்புதல் வாய்விட்டு நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒருசேரப் பாடும்போது மேடைக் குரலின் தளர்ச்சி குறையாகத் தோன்றுவதில்லை. கூட்டம் நுழைய விட்ட வாயிலாகிறது. முப்பது ஆண்டுகள் தனியறையில் முணுமுணுத்த பாடலை முதன்முறையாகப் பாடியவர் முன்னிலையில் உரக்கப் பாடும் உரிமை அது. அந்த உணர்ச்சியைப் போலி என்று சொல்லத் துணிபவர் ஒருமுறை அக்கூட்டத்தின் நடுவே நிற்க வேண்டும்.

ஆயினும் இந்த இரவுக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதலாவது வர்க்கம் பற்றியது. இந்திய நகரங்களில் ஆங்கில ராக் இசையின் ரசிகர் பெரும்பாலும் ஆங்கிலவழிக் கல்வி பெற்றவர். சாதியாலும் வசதியாலும் மேலே இருந்தவர். வெளிநாட்டு உறவினர் என்பதே ஒரு சலுகை. இது உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் இவ்வுண்மை இந்தியா முழுமைக்கும் ஒரே அளவில் பொருந்தாது. மேகாலயா, மிசோரம், நாகாலாந்து ஆகிய மாநிலங்களில் தேவாலயப் பாடற்குழுக்களும் வீட்டுக் கிதாரும் இவ்விசைக்கு வேறொரு சமூக அடித்தளம் தந்தன. அங்கே ராக் மேல்தட்டின் அடையாளமாக இருக்கவில்லை; தெருவின் இசையாக இருந்தது. தில்லி, மும்பை மாணவ விடுதிகளின் அனுபவத்தை இந்திய அனுபவமாக எழுதுவது, வர்க்கத்தைப் பற்றிய விமர்சனத்திலேயே நிலவியல் சார்ந்த ஓர் அதிகாரத்தை நுழைத்துவிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் சந்தை பற்றியது, இதுவே வலுவானது. ஏக்கம் இன்று நம்பகமான முதலீடு. நாற்பதைக் கடந்தவரிடம் இப்போது பணம் இருக்கிறது. அவர் இளமையில் வாங்க முடியாததை இப்போது வாங்குகிறார். மேடைக்கு அருகில், தொலைவில், குளிரூட்டிய மேல்தளத்தில் என்று இடத்துக்கு இடம் விலை மாறுகிறது. ஒரே கேசட்டைப் பகிர்ந்து கேட்ட இருவர் ஒரே நிகழ்ச்சியில் இருவேறு தடுப்புகளுக்குள் நிற்க நேர்கிறது. 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே குழு நவி மும்பையிலும் அகமதாபாத்திலும் பாடிய சில நாள்களில், இசைநிகழ்ச்சிகள் சார்ந்த பொருளாதாரத்தை வளர்க்க வேண்டும் என்று பிரதமரே பேசினார். அரசும் நிறுவனங்களும் இத்துறையைக் கவனிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அக்கணக்கில் இடம்பெறுவது விடுதி அறைகள், விமான இருக்கைகள், நுழைவுச்சீட்டுகள் ஆகியவையே. ஒரு நகரம் தன் சொந்தக் குழுக்களுக்கு எத்தனை மேடைகளை வைத்திருக்கிறது என்பது அதில் வராது.

ரங் பவனின் கதை இங்கே நினைவுகூரத் தக்கது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, கல்விநிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக வகுக்க வழிசெய்தன. செயிண்ட் சேவியர் கல்லூரிக்கும் காமா மருத்துவமனைக்கும் அருகில் இருந்த ரங் பவனில் அதன்பின் ராக் இசை ஒலிக்க இயலவில்லை. நோயாளியின் உறக்கம் இசையைவிடப் பெரிது. விதியில் பிழை காண்பதற்கில்லை. பிழை, மூடிய அரங்குக்கு ஈடாக, குறைந்த கட்டணத்தில் எந்த மாணவரும் நுழையக்கூடிய வேறோர் அரங்கை நகரம் தராததில் இருக்கிறது. பெருநிறுவனம் குதிரைப் பந்தய மைதானத்தை வாடகைக்கு எடுக்க முடியும். அனுமதிகளைப் பெற முடியும். மூன்று பாடல் மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் பத்தொன்பது வயதுக் குழுவால் அது முடியாது. பழைய இசைக்குப் பெரிய மைதானமும் புதிய இசைக்கு மூடிய கதவும் இருக்கும் நகரில், ஏக்கம் இனிமையான உணர்ச்சியாக மட்டும் இருப்பதில்லை; வருங்காலத்துக்குரிய இடத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

இப்பொறுப்பில் கல்வி நிலையங்களுக்குப் பங்குண்டு. இந்திய ராக் இசையை வளர்த்தவற்றுள் கல்லூரி வளாகம் முதன்மையானது. விழாப் போட்டி மேடைதான் பல குழுக்களின் முதல் மேடை. இன்று பல வளாகங்களில் விழாவின் முதன்மை இரவு விளம்பரதாரர் பணத்தில் வரவழைக்கப்படும் புகழ்பெற்ற பாடகருக்கு உரியதாகிவிட்டது. மாணவர் குழு பிற்பகல் வெயிலில் வெற்று இருக்கைகளுக்கு வாசிக்கிறது. மாணவர் பேரவைகளும் நிர்வாகமும் மனம் வைத்தால் மாற்றக்கூடிய ஒன்று இது. முதன்மை இரவின் ஒரு மணி நேரத்தை வளாகக் குழுக்களுக்கு ஒதுக்குவதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை.

ஆய்வாளர்களின் கடன் வேறுவகையானது. இந்திய இசை ஆய்வில் செவ்வியல் இசைக்குத் துறைகள் உண்டு, நாட்டாரியலுக்கு உண்டு, திரையிசை பற்றிய எழுத்து பெருகிவருகிறது. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் கல்ச்சர்’ வட இந்தியப் பாமர இசையில் ஒலிநாடா நிகழ்த்திய மாற்றத்தை விரிவாகப் பதிந்தது. இந்தியர் ஆங்கிலத்தில் பாடிய ராக் இசையோ எத்துறைக்கும் உரியதாகாமல் இடையில் விழுந்துகிடக்கிறது. போதிய இந்தியத்தன்மை இல்லை என்று ஒரு சாராருக்கும், போதிய அசல்தன்மை இல்லை என்று மறு சாராருக்கும் அது பொருட்டாகவில்லை. அதன் ஆவணங்கள் காந்த நாடாக்களிலும் கையெழுத்துச் சுவரொட்டிகளிலும் ஐம்பதைக் கடந்தவர்களின் நினைவிலும் மட்டுமே உள்ளன. மூன்றும் அழியக்கூடியவை. காந்த நாடாவின் பூச்சு ஈரப்பதத்தில் உதிரும். பரணில் கிடக்கும் ஒரு கல்லூரி விழாப் பதிவுக்கு இன்னும் பல மழைக்காலங்கள் வாய்க்கப்போவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வளாகத்தில் வாசித்த குழுக்களின் பட்டியலையும் கிடைக்கும் பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் தொகுக்கத் தொடங்கினால், சில ஆண்டுகளில் ஓர் ஆவணக்காப்பகத்துக்கான அடித்தளம் உருவாகிவிடும். முதுகலை மாணவர்களின் களப்பணியாக இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

மகாலட்சுமி மைதானத்து இரவைப் பழித்து எழுதுவது எளிது; உருகி எழுதுவது அதைவிட எளிது. இரண்டும் மேடையில் நின்ற மூன்று முதியவர்களை மட்டுமே பார்க்கின்றன. பார்க்கப்பட வேண்டியவர்கள் வேறு இரு சாரார். ஒரு சாரார், அக்குழு வராத நாற்பது ஆண்டுகளில் அந்தப் பாடல்களை இந்நாட்டின் சிறு மேடைகளில் கடன்பட்ட கிதார்களில் வாசித்து, ஒரு கூட்டத்தையே அவ்விரவுக்கு ஆயத்தம் செய்தவர்கள். அவர்களுள் பலர் இசையைக் கைவிட்டு வங்கிகளிலும் அலுவலகங்களிலும் மறைந்துபோனார்கள். மறு சாரார், பெற்றோரின் கையைப் பிடித்து அம்மைதானத்துக்கு வந்த பதின்வயதினர். ‘பாரடைஸ் சிட்டி’ ஒலித்தபோது அவர்களுக்கு அது பழைய பாட்டு அன்று; நேரில் கேட்ட முதல் பாட்டு. அவர்களிடம் நினைவும் நிகழ்வும் ஒருங்கே இருக்கின்றன. மறுநாள் காலை கிதார் வாங்கித் தருமாறு அவர்களுள் ஒருவர் கேட்டால், வாங்கித் தர வசதியுள்ள வீடுகள் இன்று பெருகியுள்ளன. ஐந்து ஆண்டு கழித்து அவர் தம் குழுவோடு ஏறி நிற்க இந்த நகரங்களில் ஒரு மேடை இருக்குமா என்பதற்குத்தான் இன்னும் விடையில்லை.